காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு மலிவு ஸ்பீக்கர்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கமாக வாடகை வீடு பார்த்தால், தரகர் முதலில் சொல்வது "நல்ல காத்து வரும்" என்பதுதான். உண்மை, வரும். காற்று வரும் வழியால்தான் சத்தமும் வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. எங்கள் வீடு மூன்றாம் மாடியில். ஒரு பக்கம் காலி வீதி: பஸ் ஹோர்ன், பிரேக், "கோட்டை, கோட்டை" என்று கூவும் கொண்டக்டர்கள். மறுபக்கம் மரைன் டிரைவும் அதை ஒட்டி ஓடும் கரையோர ரயில் பாதையும். இதற்கு நடுவே, பழைய வீட்டை இடித்து அப்பார்ட்மென்ட் எழுப்பும் வேலை எப்போதும் ஏதாவது ஒரு லேனில் நடந்துகொண்டே இருக்கும். காலையில் பாண் ஓட்டோவின் பியானோ மெட்டு வரும். அது ஒன்றுதான் எனக்குப் பிடித்த சத்தம், அதை மூடும் எண்ணமும் இல்லை.

நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறவள். அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது, ஒருமுறை விழித்தால் திரும்பக் கண்ணயர மாட்டா. ஏசி போட்டு யன்னலை இறுக அடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும், ஆனால் கரண்ட் பில்லை நினைத்தாலே வேறு விதமாகத் தூக்கம் போய்விடும். அதனால்தான் ஸ்பீக்கர் பக்கம் வந்தேன். மலிவாக ஒன்றை வாங்கி, ஒரே சீரான இரைச்சலை மெல்லியதாக ஓடவிட்டு, வெளிச் சத்தத்தை அதற்குள் அமுக்குவது. இது பலன் தருகிற வழிதான். ஆனால் எந்தச் சத்தத்துக்கு, எந்த அளவு ஸ்பீக்கர், எங்கே வைப்பது என்ற மூன்றும் பொருந்த வேண்டும். கடையில் விற்கிறவர் பேசுவது இந்த மூன்றையும் பற்றி அல்ல.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஸ்பீக்கர் வெளிச் சத்தத்தை ஒரு டெசிபல்கூடக் குறைக்காது. ஹெட்போனில் வரும் சத்த நீக்கத்தை அறைக்கும் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது காதுக்குப் பக்கத்தில் எதிர் அலையைப் பொருத்தி நடக்கிற காரியம், ஒரு மலிவு ஸ்பீக்கரால் அறை முழுக்க அதைச் செய்ய முடியாது. இது செய்வது வேறு: அறையின் அடி மட்டச் சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்திவிடுகிறது. இரவில் அறை 35 டெசிபலில் அமைதியாக இருக்கிறது, பஸ் ஹோர்ன் 60 டெசிபலில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாய்ச்சல் 25 டெசிபல். அடி மட்டத்தை 45க்கு உயர்த்தினால் பாய்ச்சல் 15 ஆகிவிடும். நம்மைத் திடுக்கிட வைப்பது பெரும்பாலும் அந்தப் பாய்ச்சல்தான். பத்து டெசிபல் வித்தியாசம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகப் படும், ஆகவே இது சின்ன மாற்றமல்ல.

கடற்கரையோரம் இருக்கிறவர்களுக்கு இதைக் கடலே காட்டிக்கொடுக்கும். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் இரைந்துகொண்டே இருக்கும். அந்த மாதங்களில் காலி வீதி எங்கோ தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஜனவரியில் கடல் அடங்கியதும் அதே பஸ்கள் யன்னலுக்குள் வந்துவிடும். "இந்த வருசம் பஸ் கூடிப்போச்சு" என்று அம்மா சொல்லுவா. கூடவில்லை. மூடியிருந்தது எடுபட்டுவிட்டது, அவ்வளவுதான்.

காசு எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போவதற்கு முன், ஓர் இரவும் ஒரு பகலும் உட்கார்ந்து உங்களை உண்மையில் தொந்தரவு செய்யும் சத்தம் எது என்று கேளுங்கள். நான் அதை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்.

முதலாவது, பேச்சும் பேச்சு மாதிரியான சத்தங்களும். பக்கத்து வீட்டு டிவி, படிக்கட்டில் கதைப்பவர்கள், கீழே நின்று போனில் சண்டை பிடிக்கிறவர், காகங்கள். பேச்சின் முக்கியமான பகுதி சுமார் 300 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும் (ஹெர்ட்ஸ் என்பது ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்பது; எண் குறைந்தால் ஒலி தாழும்). இதை மூடுவதுதான் எல்லாவற்றிலும் இலகு. சின்ன ஸ்பீக்கரே போதும். சொற்கள் விளங்காத அளவுக்கு மங்கினால் போதும், முழுவதும் மறைய வேண்டியதில்லை. கணக்குப் பார்க்கும்போது என்னைக் குழப்புவது அடுத்த வீட்டுச் சத்தமல்ல, அதிலுள்ள சொற்கள்தான்.

இரண்டாவது, உறுமல். ஹோல்ட்டில் நிற்கும் பஸ் எஞ்சின், ஜெனரேட்டர், மண்டபத்துப் பாட்டிலிருந்து வரும் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. இதில் பெரும்பகுதி 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கும், சுவரையும் கண்ணாடியையும் இலகுவாகக் கடந்து வரும். இதை மூட அதே தாழ்ந்த பகுதியில் இரைச்சல் எழுப்பத் தெரிந்த ஸ்பீக்கர் வேண்டும். காதின் இயல்பு இதில் ஒரு பக்கம் சாய்ந்தது: தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை இலகுவாக மூடிவிடும், உயர்ந்த ஒலி தாழ்ந்ததை மூடுவது கடினம். ஆகவே "ஸ்ஸ்ஸ்" என்று சீறும் ஒரு குட்டி ஸ்பீக்கரை எவ்வளவு கூட்டினாலும் பஸ்ஸின் உறுமல் அடியால் வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, அடி. ரயில் ஹோர்ன், கட்டட அத்திவாரத்துக்குப் பைல் தூண் இறக்கும் இடி, பட்டாசு. இதற்கு ஸ்பீக்கர் மருந்தல்ல. அதை மூடும் அளவுக்குச் சத்தம் வைத்தால் அந்தச் சத்தமே தாங்காது. கூர்மையைக் கொஞ்சம் மழுக்கலாம், அதோடு சரி. பைல் இறக்குவது தரை வழியாகவும் வருகிறது. கட்டில் அதிரும்போது காதுக்கு என்ன செய்தும் பயனில்லை.

எங்கள் வீட்டில் என் மேசைக்கு முதலாவது வகைதான் பிரச்சினை. காலி வீதிப் பக்கம் இருக்கும் அம்மாவின் அறைக்கு இரண்டாவது. அதனால் இரண்டு அறைக்கும் வெவ்வேறு சாமான் தேவைப்பட்டது.

இப்போது அளவு. ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே, அதாவது பாதி ஹெர்ட்ஸில், எழுப்ப வேண்டுமானால் ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்பின் அசைய வேண்டும். இரண்டங்குலக் கூம்புக்கு அதற்கு இடமே இல்லை. கிரியேட்டிவ் பெபிள் மாதிரி யூஎஸ்பியில் ஓடும் குட்டிச் சோடிகளின் விவரத்தில் 100 ஹெர்ட்ஸ் முதல் என்று இருக்கும், ஜேபிஎல் கோ 3இல் 110 ஹெர்ட்ஸ் முதல் என்று இருக்கும். அந்த அளவுக்கு அவை நேர்மையான சாமான்கள்தான், பேச்சை மூட நன்றாகவே போதும். பஸ்ஸுக்குப் போதாது. நான்கங்குலக் கூம்பும் மரப்பெட்டியும் உள்ள சோடிக்குப் போனால்தான் அந்த உறுமலைத் தொட முடியும். எடிஃபையரின் ஆர்1280டி போன்றவை இந்த வகை. தனியாக ஒரு பேஸ் பெட்டியோடு வரும் மூன்று துண்டு கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களும் வேலை செய்யும், ஆனால் மேல்மாடியில் இருக்கிறவர்கள் அந்தப் பெட்டியைத் தரையில் வைத்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

வோட்டை மட்டும் பார்க்கவே வேண்டாம். பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பீஎம்பிஓ என்ற எண்ணுக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது, அச்சடிக்கிறவர் விருப்பம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, என்று போட்டிருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு, ஆனால் நமது வேலைக்கு அதுகூடத் தேவையில்லை. சாதாரண ஸ்பீக்கர் ஒரு வோட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் சுமார் 85 டெசிபல் தரும். நமக்கு வேண்டியது 50 டெசிபலுக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வோட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. "இது 60 வோட்ஸ், அது 40 வோட்ஸ்தான்" என்று யாராவது உங்களைக் கூடின விலைக்கு ஏற்றப் பார்த்தால் சிரித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

மெல்லிய சத்தத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி. மலிவு ஸ்பீக்கர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். வால்யூம் திருகியைத் தொடக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், மறுபக்கம் செத்துக்கிடக்கும். அல்லது பாட்டு எதுவும் ஓடாமலே ஒரு "ம்ம்ம்" ரீங்காரம் இருக்கும். இவை எதுவும் கடைக்காரர் போட்டுக் காட்டும் குத்துப் பாட்டில் தெரியாது.

அதனால் போனில் பிங்க் நொய்ஸ் என்ற, எல்லா ஒலியும் கலந்த சீரான இரைச்சல் கோப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடை. இரண்டு பக்கமும் பெட்டிகள் கூரை வரை. கடைக்கார நானா வழக்கம்போல ஒரு பாட்டைப் போட்டு மேசையை அதிர வைத்தார்.

"நானா, இதக் கொஞ்சம் போட்டுப் பாக்கலாமா?" என்று என் போனைத் தொடுத்தேன்.

இரைச்சல் வந்ததும் அவர் உடனே வால்யூமைக் குறைத்தார். "என்ன மிஸ், ஸ்டேஷன் புடிக்கல்லயா?"

"இல்ல நானா, இதுதான் வேணும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வியாபாரம் வியாபாரம்தானே, அடுத்தடுத்த பெட்டிகளையும் அவரே திறந்து அதே இரைச்சலைப் போட்டுக் காட்டினார். ஒன்றில் கிரில் கம்பி கிரீச்சிட்டது. ஒன்றில் இடது பக்கம் இல்லை. மற்றொன்று நல்ல பெயர் பொறித்தது, விலை மட்டும் அந்தப் பெயருக்குப் பொருந்தவில்லை. பெட்டியில் எழுத்துப் பிழை இருந்தது. கடைசியில் அவரே ஒரு சோடியைத் தூக்கிக் காதருகே வைத்து, "இதுதான் மிஸ் சுத்தமா இரையுது" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாழ்க்கையில் வேறு யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்.

இரைச்சலை வைத்துப் பரிசோதிப்பதில் இன்னொரு நன்மை, பாட்டைப் போல அது நம்மை மயக்காது. எல்லா ஹெர்ட்ஸும் ஒரே நேரத்தில் ஓடுவதால் பெட்டியில் எங்கே தளர்ந்திருக்கிறதோ அது உடனே கிரீச்சிடும். கடையில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். புறக்கோட்டையில் அது நடக்காது. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் கடைகள் கொஞ்சம் அமைதி, மெல்லிய ரீங்காரத்தைப் பிடிக்க அங்கே இலகு.

என் மேசைக்கு அந்தக் குட்டிச் சோடி. அம்மாவின் அறைக்குப் பழைய சாமான்தான் எடுத்தேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டிப் போனதற்குப் பிறகு நான்கங்குலச் சோடி புதிதாக வாங்குவது என் கணக்கில் மலிவு என்ற சொல்லுக்குள் வரவில்லை. அதற்கு முந்தைய விலையில் வாங்கி, பாட்டுக் கேட்டு அலுத்து, மூலையில் வைத்திருக்கிறவர்கள் கொழும்பில் நிறையப் பேர். பழைய சாமான் விளம்பரங்கள் வரும் இக்மன் தளத்தில் தேடினால் தெஹிவளை, நுகேகொடைப் பக்கம் அடிக்கடி வரும். பழசு எடுப்பதானால் முன் துணியைக் கழற்றிக் கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். றப்பராக இருந்தால் நல்லது. ஸ்பஞ்சாக இருந்தால் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அது உதிர்ந்துபோகும், விரலில் கறுப்புத் தூளாக ஒட்டினால் விட்டுவிட்டு வாருங்கள். பின்பக்கத் திருகிகளைத் திருப்பும்போது சரசரவென்று கேட்டால் உள்ளே தூசு. அது பெரிய குறை அல்ல, பேரம் பேச உதவும்.

எதை ஓடவிடுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. வைட் நொய்ஸ் பெயர் பெற்றது, ஆனால் மேல்பகுதி கூடி, காதைக் கீறும். பிங்க் நொய்ஸ் ஹெர்ட்ஸ் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் இறங்கும், ப்ரௌன் நொய்ஸ் 6 டெசிபல் இறங்கும். இணையத்தில் எல்லோரும் ப்ரௌனைப் புகழ்கிறார்கள். நான்கங்குலப் பெட்டியில் அது அருமை. குட்டி ஸ்பீக்கரில் அதன் பலம் முழுவதும் கூம்பால் தொட முடியாத பகுதியில் இருக்கிறது; சத்தம் போதவில்லை என்று கூட்டுவோம், கூம்பு சும்மா படபடக்கும். குட்டிக்குப் பிங்க்தான், அதுவும் ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிப் பகுதியை, கொஞ்சம் இறக்கி.

கடல் அலைப் பதிவு கேட்க இனிமை, மூடுவதற்கு உதவாது. அலை பின்வாங்கும் இடைவெளியில் பஸ் நுழைந்துவிடும். பாட்டுக்கும் இதே குறை, கூடவே சொற்கள் வேறு. மழைப் பதிவு நல்லது, இடி இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் மழைக்குத் தடை. முதல் நாள் மத்தியானம் அம்மாவின் அறையில் அதை ஓடவிட்டபோது அவ எழும்பிப் பல்கனிக்கு ஓடிவிட்டா. "உந்தச் சனியனை நிப்பாட்டு பிள்ளை, மழை எண்டு உடுப்பு எடுக்க ஓடினன்!"

யூடியூபில் பத்து மணி நேர வீடியோ போடலாம்தான். இரவு இரண்டு மணிக்கு விளம்பரம் வந்து கத்தும், டேட்டாவும் போகும். அதைவிட ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் நாமே இரைச்சலை உருவாக்கிக்கொள்ளலாம். வைட், பிங்க், ப்ரௌன் மூன்றும் அதில் உண்டு. அரை மணி நேரக் கோப்பு ஒன்று செய்து பழைய போன் ஒன்றில் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். எம்பி3ஆகச் சேமித்தால் தொடக்கத்திலும் முடிவிலும் சின்ன வெற்றிடம் சேர்ந்துவிடும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் மாதிரிக் கேட்கும். வேவ் கோப்பில் அது இல்லை. தூக்கத்தில் இருக்கும் காது இதையெல்லாம் கவனிக்குமா என்றால், கவனிக்கிறது. ஒரே சீராக ஓடுவதில் திடீரென்று வரும் மௌனமும் அதற்கு ஒரு சத்தம்தான்.

அதே காரணத்தால் புளூடூத் ஸ்பீக்கர்களில் நான் பார்க்கும் முதல் விஷயம் அவை எப்படி அணைகின்றன என்பது. பாட்டரி இறங்கும்போது "பாட்டரி லோ" என்று ஒரு பெண் குரல் ஊரைக் கூட்டும் வகைகள் உண்டு. வால்யூம் மிகக் குறைவாக இருந்தால் எதுவும் ஓடவில்லை என்று நினைத்துக் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும் வகைகளும் உண்டு. கையால் திருகும் வால்யூமும், டக் என்று விழும் சாதாரண சுவிட்சும் உள்ளதை எடுங்கள். கரண்ட் போய் வந்தால் அது தானாகத் திரும்ப ஓடும். தொட்டால் இயங்கும் பொத்தான் உள்ள பல சாமான்கள் கரண்ட் வந்த பிறகும் நாம் எழும்பிப் போய்த் தொடும் வரை பேசாமல் இருக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த நாட்களில் ஃபேனும் நின்று, ஸ்பீக்கரும் நின்று, லேன் முழுக்க ஜெனரேட்டர்கள் எழும். பாட்டரியில் ஓடும் குட்டி ஒன்றை இன்னமும் சார்ஜ் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

ஃபேன் என்றதும் நினைவுக்கு வருகிறது: சீலிங் ஃபேன்தான் நம் ஊரின் முதல் சத்தம் மூடி. அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அறையில் ஸ்பீக்கர் செய்ய வேண்டிய வேலை குறைவு. ஃபேனின் சத்தம் எந்தப் பகுதியில் இல்லையோ அதை மட்டும் ஸ்பீக்கரால் நிரப்பினால் போதும்.

சரி, எங்கே வைப்பது? பெரும்பாலானோர் தலைமாட்டில் வைப்பார்கள். காதுக்குச் சத்தங்களைத் திசை பார்த்துப் பிரிக்கத் தெரியும். இரைச்சல் தலைமாட்டிலிருந்தும் பஸ் யன்னலிலிருந்தும் வந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுவிடும். இரண்டும் ஒரே திசையிலிருந்து வந்தால் குழம்பி, ஒன்றை விட்டுவிடும். ஆகவே ஸ்பீக்கரின் இடம் யன்னலடி. சத்தம் நுழையும் அதே இடத்தில், அறைக்குள் பார்த்தபடி. அம்மாவின் அறையில் தலைமாட்டு மேசையிலிருந்து யன்னல் கட்டுக்கு மாற்றியபோது வால்யூமைக் கணிசமாகக் குறைக்க முடிந்தது. ஒரு சதமும் செலவில்லாமல் கிடைத்த இந்த மாற்றம், ஸ்பீக்கரை மாற்றியதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

யன்னல் கட்டில் பெட்டி அதிர்ந்து கண்ணாடியையும் சேர்த்து அதிர வைத்தது. பழைய பாட்டாச் செருப்பு ஒன்றை நான்கு துண்டாக வெட்டிக் கால்களுக்கு அடியில் வைத்தேன், நின்றுவிட்டது. லப்டொப்பைச் சார்ஜில் போட்டபடி ஸ்பீக்கரில் தொடுத்தால் சிலருக்கு ஒரு ரீங்காரம் வரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த ரீங்காரம் 50, 100 ஹெர்ட்ஸில் கேட்கும். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் குறை ஸ்பீக்கரில் அல்ல. பழைய போனைப் புளூடூத்தில் தொடுத்தால் தீர்ந்துவிடும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் யன்னலையும் ஒருமுறை பாருங்கள். சட்டத்தின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிச்சம் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. கொழும்பின் பழைய வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றுக்கென்று விட்ட துவாரங்கள் இருக்கும். எல்லாவற்றையும் அடைத்தால் வேகிவிடுவோம். காலி வீதிப் பக்கம் பார்த்த துவாரத்தை மட்டும் அடைத்து, உள்முற்றப் பக்கத்தைத் திறந்து விட்டோம். யன்னல் விளிம்புக்கு றப்பர் பட்டி. இந்த இரண்டுக்கும் ஆன செலவு ஸ்பீக்கரின் விலையில் ஒரு சிறு பகுதி.

வால்யூமுக்கு ஓர் இலகுவான சோதனை உண்டு. ஸ்பீக்கர் ஓடும்போது அறைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரோடு வழக்கமான குரலில் கதைத்துப் பாருங்கள். குரலை உயர்த்த வேண்டியிருந்தால் கூடிவிட்டது. போனில் டெசிபல் அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல, ஆனால் முன்னும் பின்னும் ஒப்பிட உதவும். ஒரே அளவுள்ள இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் மொத்தம் 3 டெசிபல்தான் கூடும். அதாவது வெளியே நிரந்தரமாக இரையும் அளவுக்குச் சமமாக வைத்தால் அறை பெரிதாகச் சத்தமாகிவிடாது. அதற்கு மேல் ஏற்றும்போதுதான் நம் இரைச்சலே நமக்கு எதிரி ஆகும். கைக்குழந்தை உள்ள வீடென்றால் இன்னும் கவனம் வேண்டும். குழந்தைகளுக்கென்று விற்கும் இரைச்சல் கருவிகளை அளந்து 2014இல் வெளிவந்த கனேடிய ஆய்வொன்றில், முழு வால்யூமில் வைத்தபோது எல்லாமே 30 சென்ரிமீற்றர் தூரத்தில் 50 டெசிபலைத் தாண்டின. தொட்டிலிலிருந்து முடிந்தளவு தள்ளி, மெல்லிதாக, கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிடுவது என்பதுதான் அதிலிருந்து வந்த அறிவுரை.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வேறொரு சங்கடம். என் அறையில் இரைச்சல் ஓடினால் அம்மா கூப்பிடுவது எனக்குக் கேட்காது. பேச்சை மூடுவதற்கென்றே தேர்ந்த சாமான் அம்மாவின் பேச்சையும் மூடத்தானே செய்யும். இரவில் என் அறையில் அதை ஓடவிடுவதில்லை. அம்மாவின் கட்டிலருகே கம்பியில்லாத கோலிங் பெல் பொத்தான் ஒன்று வைத்திருக்கிறோம், அதன் மணி என் பக்கம்.

எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கரைக் கொண்டே பதில் சொல்லவும் வேண்டாம். மண்டபமோ வேறெதுவோ இரவில் ஒலிபெருக்கி போட்டுத் தூங்கவிடாமல் செய்தால் அது மூடிக்கொள்ள வேண்டிய சத்தமல்ல, நிறுத்தச் சொல்ல வேண்டிய சத்தம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் உத்தரவிட்டிருக்கிறது. 119க்கு அழைத்து இடத்தைச் சொன்னால் போதும்.

கீழ்வீட்டு அன்ரிக்கு நம் ஸ்பீக்கர் என்னவாகக் கேட்கிறது என்பதையும் ஒருமுறை இறங்கிப் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும். ப்ரௌன் நொய்ஸின் அடிப்பகுதி தளத்தைக் கடக்கும். நான் கேட்டபோது அவர், "அது உங்கட ஏசி எண்டு நினைச்சன் பிள்ளை, எவ்வளவு பில் வருது?" என்றார். பேஸ் திருகியை இரண்டு பங்கு இறக்கினேன்.